நான்காம் முறைக்காரர்

ஓநாய் என்னைக் கடித்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, இதே மாடி அறை, இதே மேசை, ஆனால் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது சுவரோரம் கால் ஆடுகிற நாற்காலியில். இன்றைக்கு ஏசிக்கு நேர் கீழே உள்ள நல்ல நாற்காலியை யூசுப் எழுந்து எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டான், ஆறு வருஷமாக அந்த நாற்காலிக்கு என்னோடு சண்டை போட்டவன், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆட்டத்தில் பனிக்காடு, மூன்று ஓநாய்கள். என் ஆள் தீமொஃபேய், இருபத்தைந்து வருஷம் பட்டாளத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்புகிற கிழவன், துப்பாக்கி மருந்து நனைந்துபோய் பிர்ச் மரத்தில் முதுகைக் கொடுத்து நிற்கிறான். ஸ்தனிஸ்லாஸ் தன் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். இரண்டு பரீட்சை அட்டையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய மறைப்பு அது, பகடை உருண்டு நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இருபது முகமுள்ள பகடையில் ஒரு எண்ணைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவன், ஒரு பார்வையில் விடைத்தாளைப் படித்து முட்டை போடுகிறவன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கடி தப்பிடுச்சு. கோட்டுக் கையைத்தான் கிழிச்சுது," என்றான். கோட்டுக் கை! ஸ்தனிஸ்லாஸின் ஓநாய் கோட்டுக் கையைக் கிழித்துவிட்டுப் போகுமா? இந்த ஆறு வருஷத்தில் என் ஆட்கள் பதினொரு பேரைக் கொன்றவன் அவன். ஒருத்தனைக் கிணற்றில் தள்ளி, ஒருத்தனுக்கு விஷக் காளான் கொடுத்து, ஒருத்தனை என் பிறந்தநாள் அன்றைக்கு, நான் வெட்டிய கேக்கைத் தின்றுகொண்டே. கெஞ்சினால், "டைஸ் சொல்லுதுடா குலோ, நான் என்ன பண்ண?" என்பான். குலோத்துங்கன் என்ற பேரைக் குலோ ஆக்கியதும் அவன்தான். வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான்: நாற்பது தாண்டிய நாலு பேர் ஞாயிறு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கதை விளையாட்டு ஆடுகிறோம். ஸ்தனிஸ்லாஸ் கதையை நடத்துவான், நான், யூசுப், என் மனைவி செண்பகம் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், ஆபத்து வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பில் அவன் கை வைத்தது கிடையாது. ஓநாய் வந்த நாள் வரைக்கும்.

ரஷ்யாவை வரவழைப்பது அவனுக்கு ஒரு வெறி. வெளியே அக்கினி நட்சத்திரம், திருச்சியே அடுப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, தில்லை நகர் ரோட்டில் செருப்பைத் தாரோடு பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. இவன் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் போர்வை தொங்கவிட்டு ஏசியைப் பதினெட்டில் வைத்திருக்கிறான். கைபேசிகள் வாசலில் செருப்பு அலமாரிக்குள். கண்ணாடி டம்ளரில் பால் விடாத தேநீர், மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு. கேழ்வரகு மாவில் அவனே சுட்டு எடுக்கிற ஒரு ரொட்டி, செங்கல்லுக்கு அண்ணன், அதற்குக் கறுப்பு ரொட்டி என்று பேர். சின்ன வயதில் வழவழத் தாளில் வந்த ஏதோ ரஷ்யக் கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குளிரில் நடுங்கினானாம், அன்றைக்குப் பிடித்த ஜுரம் இன்னும் விடவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "பனி பெய்யுதுன்னு சொன்னா எவனுக்கும் குளிராது. கிணத்துக் கயிறு குச்சி மாதிரி வெறைச்சு நிக்குதுன்னு சொல்லு, அப்பத்தான் பல்லு கிடுகிடுங்கும்," என்பான். இந்த ரஷ்யக் கதை தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஒரு பேயைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை. காலையில் லாயத்துக்குப் போனால் குதிரையின் பிடரி மயிர் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னியிருக்கும். அடுப்புக்குப் பின்னால் வைத்த கஞ்சி குறைந்திருக்கும். யார் என்று ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேர் சொல்லக் கூடாது, அதுதான் அவன் போட்ட முதல் விதி. வீட்டில் இருப்பவர் 'பெரியவர்', காட்டில் இருப்பவர் 'காட்டுக்காரர்'. வாய் தவறிப் பேரைச் சொன்னால் ஒரு உயிர்ப்புள்ளி போச்சு. யூசுப் முதல் நாளே மூன்று புள்ளியைத் தொலைத்துவிட்டு, வக்கீல் இல்லையா, ஒரு மணி நேரம் வாதாடினான். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. பேர் சொல்லாத பொருள் அறைக்குள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அப்போது ரசித்தேன். இப்போது எங்கள் வீட்டிலும் மூன்று வாரமாக ஒரு பேர் சொல்லப்படுவதில்லை. "அது வலிக்குதாங்க?" என்கிறாள் செண்பகம். "அதுல கைய வைக்காதீங்க." அது. கட்டி என்றுகூடச் சொல்வதில்லை.

இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே, புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லை என்றதும் டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, மாறாமல் பார்த்துக்கொண்டார், அது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் சதை எடுத்து அனுப்பிப் பார்த்துவிடலாம், பத்து நாளில் ரிப்போர்ட் வந்துவிடும் என்றார். படிவத்தில் கைபேசி எண் கேட்ட இடத்தில் செண்பகம் குனிந்து அவள் எண்ணை எழுதினாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என் சட்டைப் பையில் என் கைபேசி இருக்கிறது, ஆனால் பேனா அவள் கையில் இருந்தது. போன புதனுக்கு முந்தின புதன்கிழமையோடு பத்து நாள் முடிந்தது. புதன் சாயங்காலம் நான் கேட்காமலே, "இன்னும் வரலையாங்க, வர்ற செவ்வாய் இல்ல, அதுக்கடுத்த செவ்வாய்க்கெழம ஆகுமாம், அந்த மெஷின் ஏதோ ரிப்பேராம்," என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். என் பிழைப்பு என்ன என்று பத்தொன்பது வருஷமாக என்னோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியாதா? விபத்தான வண்டிகளைப் போய்ப் பார்த்து, இது நிஜமாக இடித்த ஒடுக்கா, இன்சூரன்ஸுக்காகச் சுத்தியலால் தட்டிய ஒடுக்கா என்று எழுதித் தருகிற சர்வேயர் நான். பொய் சொல்கிறவன் கண்ணைத் தாழ்த்துவான் என்று சினிமாவில்தான் காட்டுவார்கள். பொய் சொல்கிறவன் நேராகத்தான் பார்ப்பான். அதோடு கேட்காத ஒரு விவரத்தைச் சேர்த்துச் சொல்வான். "குறுக்க மாடு வந்துச்சு சார், செவலை மாடு." செவலை என்று நான் கேட்டேனா? மெஷின் ரிப்பேர் என்று நான் கேட்டேனா? மறுநாள் வியாழக்கிழமை கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள், காய்ந்த துணி எடுக்க, வெறுங்கையோடு இறங்கி வந்தாள். இன்னும் காயலை என்றாள். இந்த வெயிலில். இரும்பு காய்ந்துவிடும் இந்த வெயிலில். சே, என்ன புத்தி இது, போர்வை தோய்த்துப் போட்டிருக்கலாம், கனமான துணி, எனக்கென்ன தெரியும் அவள் எதைத் தோய்த்தாள் என்று. ஆனால் வியாழக்கிழமை அவள் போர்வை தோய்க்க மாட்டாள், கரூர்ப் போர்வை இரண்டும் கட்டிலில்தான் கிடந்தன, நான் அவற்றின் மேல்தான் படுத்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் பாருங்கள், பீட்ரூட் சூப் வைக்க வேண்டும் என்று ஒரு மணிக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். நான் இரண்டு மணிக்கு வந்தேன். மாடிப்படியில் பாதி ஏறும்போது மூன்று பேர் குரலும் கேட்டது, தாழ்ந்த குரல், ஸ்தனிஸ்லாஸுக்குத் தாழ்ந்த குரல் இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிய சத்தத்துக்குப் பேச்சு நின்றது. உடனே அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி, "பீட்ரூட்ட இன்னும் பொடிசா நறுக்கணும் தங்கச்சி," என்றான். அந்த ரொட்டியையும் தேநீரையும் தாண்டி அவனுக்குச் சமையலில் ஒன்றும் தெரியாது. செண்பகத்தின் கண் சிவந்திருந்தது. "வெங்காயம்ங்க," என்றாள், நான் கேட்கவே இல்லை. சூப் வந்ததும் கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்தேன். வெங்காயம் இருந்தது. இருந்தால் மட்டும்? இரண்டு வெங்காயம் நறுக்கினாலும் கண் சிவக்கும், இரண்டு வெங்காயத்தைக் காரணம் காட்டியும் அழலாம். யூசுப் நாற்காலியை விட்டுக்கொடுத்தான். போன மாதம் பகடை சாய்ந்து நின்றதற்கு என்னோடு நாற்பது நிமிஷம் மல்லுக்கு நின்றவன் அவன். பகடை எதிலாவது முட்டிச் சாய்ந்து நின்றால் அந்த உருட்டல் செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும், எல்லா மேசையிலும் உள்ள வழக்கம்தான். எது சாய்வு என்பதில்தான் சண்டை. கடைசியில் அவனே ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தான்: சந்தேகம் வந்தால் அந்தப் பகடையின் தலையில் இன்னொரு பகடையை வை, நின்றால் நேராக இருக்கிறது, செல்லும், சரிந்து விழுந்தால் செல்லாது. ஸ்தனிஸ்லாஸ் அதை விதிப் புத்தகத்தின் பின்னட்டையில் சிவப்பு மையில் எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினான். அப்படிப்பட்டவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்கள் இன்றைக்கு மதியம் முழுக்க நான் சொன்ன எதற்கும் மறுத்துப் பேசவில்லை. உறைந்த ஆற்றை என் கிழவன் நடந்தே தாண்டுவான் என்றேன், சரி என்றார்கள். பனிக்கட்டி உடையாதா என்று ஒருத்தன் கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிகிறது என்றால், நானே செய்திருக்கிறேன், அதுதான். அப்பாவுக்கு. குடலில் புண்ணுப்பா, காரம் குறைத்தால் சரியாகிவிடும் என்று அக்காவும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசி வைத்துக்கொண்டோம். டாக்டரே எங்களைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார், அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார், முடிவு பண்ண என்ன இருக்கிறது, நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள். ஃபைலை ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று கொண்டுபோய் அக்கா வீட்டு அலமாரியில் வைத்தேன். அப்பா எது சொன்னாலும் ஆமாம் என்றேன், பிறந்ததிலிருந்து அவர் சொன்னதற்கு ஆமாம் சொல்லாதவன். சாயங்காலம் கட்டிலில் துண்டை விரித்து ரம்மி ஆடுவோம். அவருக்கு ரம்மி வராது, ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டே தோற்பார். அந்த வாரம் அவர் ஜெயித்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து நான் இறக்கினேன். மூன்று நாள் ஜெயித்தார், சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைத்தேன். நாலாவது நாள் ஜெயித்த சீட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நாலு சுற்று முன்னாலேயே சேர்ந்து முடிந்திருந்தது, இரண்டு ஜோக்கரோடு. எல்லாச் சீட்டையும் அடுக்கி டப்பாவில் போட்டு மூடினார். "போதும்டா. தண்ணி கொண்டா," என்றார். அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொடவில்லை. அப்புறம் நாலு மாதம் இருந்தார். தனக்கு என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நாலு மாதமும் நாங்கள் மழை வருமா வராதா என்றுதான் பேசினோம். ஆக, தோற்க வேண்டிய ஆளை ஜெயிக்கவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஓநாய் கோட்டுக் கையைக் கிழித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஓநாய் வந்தது ரிப்போர்ட் வருவதற்கு முன்னால். ஆமாம், அப்போது எடுத்து அனுப்பி ஆறாவது நாள். அப்படியானால்? அப்போது அவனுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை, கட்டி இருக்கிறது, பரிசோதனைக்குப் போயிருக்கிறது, அதுதான் தெரியும், அதை நானேதான் சொன்னேன். அதற்கே கை தளர்ந்துவிட்டதா அவனுக்கு? அப்படியானால் அது வெறும் இரக்கம். அல்லது ஓநாய் நிஜமாகவே தப்பவிட்டது, கண்ணாடியில் நிஜமாகவே அழுக்கு இருந்தது. ஒரு நிமிஷம் மூச்சு லேசாகிறது. பிறகு போன ஞாயிறு ஞாபகம் வருகிறது, தலைவலி என்று ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஆறு வருஷத்தில் அம்மை போட்டபோதுகூட வேப்பிலையோடு உட்கார்ந்து ஆடியவன். எதிரே செண்பகம் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஆள் மார்ஃபா, ஊர் மருத்துவச்சி. நான் வற்புறுத்திக் கூட்டிவந்துதான் இந்த ஆட்டத்துக்கு வந்தாள், இப்போது எங்கள் மூன்று பேரையும்விட நன்றாக ஆடுகிறாள், மார்ஃபாவாகப் பேசும்போது அவள் பொய் சொன்னால் எனக்குக் கண்டுபிடிக்க வராது. ஸ்தனிஸ்லாஸ் மறைப்புக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் செருமுகிறான். இடைவேளை முடிந்தது. "கிறிஸ்துமஸுக்கும் மூணு ராஜாக்கள் திருநாளுக்கும் நடுவுல வர்ற நாள். ஊர்ல எல்லாரும் குளிச்சாச்சு. மொதல்ல ஆம்பளைங்க, அப்புறம் பொம்பளைங்க, மூணாவது கெழடு கட்டைங்க. குளியல் குடில் கதவு இப்ப சாத்தியிருக்கு. உள்ள கல்லு இன்னும் சூடா இருக்கு. ஒரு வாளி தண்ணி, முதுகுல அடிச்சுக்க ஒரு பிர்ச் துடைப்பம், ஒரு துண்டு சோப்பு வச்சிட்டு வந்திருக்காங்க." ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியும். வீட்டை விட்டுத் தள்ளி ஆற்றோரம் கட்டிய மரக் குடில் அது, அதற்குள் சிலுவை போட்டுக்கொண்டு போகக் கூடாது. நான்காம் முறை நீராவி மனுஷருக்கு இல்லை. அது 'நான்காம் முறைக்காரர்' குளிக்கிற நேரம்.

அவரிடம் போய் ஜோசியம் கேட்பார்கள். அதைப் போன மழைக்காலத்தில் ஒரு கிழவி வாயால் ஸ்தனிஸ்லாஸ் சொல்லியிருந்தான், பயத்தை எப்போதும் பக்கத்து வீட்டுக்காரி வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதும் அவன் கொள்கை. நான்காம் முறை நடக்கும்போது கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே பார்க்காமல் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி வெறும் முதுகை இருட்டுக்குக் காட்ட வேண்டும். உள்ளேயிருந்து முதுகில் தொடுவார். மயிர் அடர்ந்த வெதுவெதுப்பான உள்ளங்கை பட்டால் வருஷம் நல்லது. நகம் பட்டால் அடுத்த வசந்தத்தைப் பார்க்க மாட்டான். கொல்ல மாட்டார், தொட்டுச் சொல்வார், அவ்வளவுதான். இப்போது அந்தக் கதவு சாத்தியிருக்கிறது, கல் சூடாக இருக்கிறது, ஸ்தனிஸ்லாஸ் வழக்கம்போல அதை அங்கே வைத்துவிட்டுக் கதையை வேறு பக்கம் நகர்த்தப் போகிறான். எனக்குப் பின்கழுத்து வேர்க்கிறது, பதினெட்டு டிகிரியில். செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னால் முடியாது. கேட்டால் சொல்ல மாட்டார்கள், அப்பாவைப் போலக் கேட்காமலும் இருக்க முடியாது. இவர்களிடம் கேட்க எனக்கு ஒரு வழிதான் இருக்கிறது. "தீமொஃபேய் குளியல் குடிலுக்குப் போறான்," என்கிறேன்.

"எதுக்கு?" என்கிறான் ஸ்தனிஸ்லாஸ். "முதுகைக் காட்ட." யூசுப் டம்ளரைக் கீழே வைக்கிறான், எலுமிச்சைத் துண்டு வெளியே விழுகிறது. "வேணாம் தீமொஃபேய்," என்கிறாள் செண்பகம், மார்ஃபாவின் குரலில், அப்புறம் குரல் மாறி, "வேணாங்க," என்கிறாள். எதற்கு வேண்டாம்? விளையாட்டுத்தானே? போன வருஷம் என் ஆளைக் காளான் தின்னவைத்துக் கொன்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள். ஸ்தனிஸ்லாஸ் மறைப்புக்கு மேலே என்னைப் பார்க்கிறான், மறைப்புக்குக் கீழே அவன் கை பகடையைத் தேடுகிறது. "சரி. பத்தும் அதுக்குக் கீழயும் நகம். பதினொண்ணும் மேலயும் கை," என்கிறான், பாதிக்குப் பாதி. அவன் இதுவரைக்கும் எனக்குப் பாதிக்குப் பாதி கொடுத்ததே இல்லை. "மறைப்புக்கு வெளிய உருட்டு," என்கிறேன். "மாஸ்டர் டைஸ் உள்ளதான்டா. அது விதி." "என் ஆளோட முதுகு. நான் உருட்டுறேன்." "குலோ." "யூசுப், நீ சொல்லு. விதியில இடம் இருக்கா, இல்லையா?" விதிப் புத்தகத்தைப் பாதி மனப்பாடமாகச் சொல்கிற வக்கீல் மேசைத் துணியின் நூலைப் பிரித்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்லடா," என்கிறான். ஞாபகம் இல்லையாம். என் டப்பாவிலிருந்து இரண்டு பகடையை எடுக்கிறேன். நீலத்தை இடது கையில் வைத்துக்கொண்டு சிவப்பைக் குலுக்குகிறேன்.

உருட்டிவிட்டேன். மேசை நடுவில் போய் யூசுப்பின் டம்ளரை லேசாக உரசி, திரும்பி, வெறும் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. மூன்று. தட்டையாக, நேராக, ஒன்றிலும் முட்டாமல், பளிச்சென்று மூன்று. டம்ளருக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறது. எனக்கு ஏனோ முதுகு சில்லென்கிறது, சட்டைக்குள், தோள்பட்டைகளுக்கு நடுவில். நகம், சொல்லேன்டா. ஆறு வருஷமாகச் சொன்னதுதானே. டைஸ் சொல்லுதுடா குலோ என்று சொல். சிரித்துக்கொண்டே சொல், கேழ்வரகு ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொல், நீ அப்படிச் சொன்னால் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும், வெங்காயம் வெங்காயம்தான், மெஷின் ரிப்பேர்தான், நான் கீழே இறங்கிப் போய் அந்த வெயிலில் நின்று சிரிப்பேன். கொல்லுடா என்னை. ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நிற்கிறான். மறைப்புக்கு மேலே குனிந்து பகடையைப் பார்க்கிறான், கண்ணாடியைக் கழற்றவில்லை. "சாஞ்சிருக்கு," என்கிறான். "செல்லாது. மறுபடி உருட்டு."

"ஆமா," என்கிறான் யூசுப். "டம்ளர்ல இடிச்சிருச்சு. நான் பாத்தேன்." நாற்பது நிமிஷம் மல்லுக்கு நின்றவன். செண்பகம் பகடையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்க்கிறாள், நேராக, கண்ணைத் தாழ்த்தாமல். "சாஞ்சுதாங்க இருக்கு," என்கிறாள். "டம்ளரு பக்கமா."

இடது கைக்குள் நீலப் பகடை வேர்த்துப்போய் இருக்கிறது. விதிப் புத்தகத்தின் பின்னட்டையில் சிவப்பு மை, என் கையெழுத்தும் இருக்கிறது. நீலத்தை எடுத்துச் சிவப்பின் தலையில் வைத்தால் நிற்கும். ஒரு நொடி வேலை. நின்றுவிட்டால் மூன்று பேரில் ஒருத்தருக்கும் பேச்சு இருக்காது, அப்புறம் செண்பகம் அழுவாள், ஸ்தனிஸ்லாஸ் மறைப்பை மடித்து வைப்பான், அந்தப் பேரை யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டி வரும். அப்பா என் கைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு டப்பாவை மூடினார். அவர் மூடிய பிறகு எனக்கு அவரோடு உட்கார ஒரு இடமே இல்லாமல் போயிற்று, கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு மாதம் நின்றுகொண்டே இருந்தேன். அவர் இன்னும் ஒரு கை ஆடியிருக்கலாம். தெரிந்துகொண்டே ஆடியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர்களுக்கு என்னைவிடப் பயமாக இருக்கிறது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறார்களோ. நீலத்தை டப்பாவில் போடுகிறேன். மேசை மேல் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன், ஒடுக்கு விழுந்த வண்டியைப் பார்க்கிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மூன்று.

"ஆமா," என்கிறேன், "சாஞ்சுதான் இருக்கு." செண்பகத்தின் கை மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தேடிப் பிடிக்கிறது. சிவப்பை எடுத்துக் குலுக்குகிறேன். உருட்டுகிறேன். நாலு பேரும் குனிகிறோம்.